பூதத்துக்குப் பல்வலி

விருத்தாசலம் ஜங்ஷனில் வண்டி மாறுகிறவர்கள் எப்போதும் காத்திருக்க வேண்டியிருக்கும். சேலம் வண்டி வந்து நின்றபின் கடலூர் வண்டி கிளம்புவதற்குள் குழந்தைகள் ஒரு மூச்சு அழுது ஓய்ந்து, மறுபடியும் அழத் தொடங்கிவிடும். அந்த நேரத்துக்கென்று சின்னதாக ஒரு கதைப் புத்தகம் போட்டு பிளாட்பாரத்தில் விற்றால் என்ன என்று 1965இல் சம்சுதீனுக்குத் தோன்றியது. கடைத்தெருவில் அவருக்கு ஓர் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, சினிமா நோட்டீஸ், மாசிமகத் திருவிழா அழைப்பு எல்லாம் அங்கேதான் அச்சாகும். கதைக்காக அவர் வெளியே அலைய வேண்டியதில்லை. மனைவி ஜெரினா பரங்கிப்பேட்டைக்காரர். கப்பலில் போய்வந்த மாமன்மார்கள் சொன்ன கதைகள் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. ஜெரினா சொல்ல, சம்சுதீன் எழுத, அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் பழமலை அதைக் கோத்துக் கொடுக்க, முதல் புத்தகம் தயாராகிவிட்டது.

படத்துக்குத்தான் வழியில்லை. படம் அச்சிட அதை உலோகத்தில் மேடாகச் செதுக்கிய பிளாக் வேண்டும். பிளாக் மெட்ராஸிலிருந்து வரவேண்டும், அதற்கு முதலில் யாராவது வரைந்து கொடுக்கவேண்டும். சம்சுதீனிடம் இருந்தது கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த ஒரு மயில் பிளாக் மட்டும்தான். இளவரசன் வரும் பக்கத்திலும் அந்த மயிலைப் போட்டார். இளவரசி வரும் பக்கத்திலும் அதே மயில். பிளாட்பாரத்தில் புத்தகக் கடை வைத்திருந்த சலீம் புத்தகக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னா பாய், எல்லாரும் மயிலாவே இருக்காங்க?" என்றார்.

இதைப் பழமலை வீட்டில் வந்து சொன்னபோது அவருடைய மனைவி ஆதிலட்சுமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு, "அந்த மயில எடுத்துக்கிட்டு வாங்களேன், பாக்கலாம்" என்றாள்.

ஆதிலட்சுமிக்கு வயது அப்போது இருபத்து மூன்று இருக்கும். ஊரில் புதிதாக வந்திருந்த பீங்கான் பட்டறை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். அங்கே பொம்மைகளைப் பிளாஸ்டர் அச்சில்தான் வார்ப்பார்கள். அச்சின் உட்புறத்தில் கண்ணும் மூக்கும் சேலை மடிப்பும் குழியாக இருக்கும். களிமண் குழம்பை ஊற்றி எடுத்தால் பொம்மையில் அதெல்லாம் மேடாக வரும். பலமுறை ஊற்றிய அச்சில் மூக்கு மழுங்கிப்போகும், கண் தூர்ந்துபோகும். அவற்றை ஊசியாலும் சின்ன உளியாலும் கீறித் திருப்பிக் கொண்டுவருவதுதான் அவள் வேலை. பட்டறையில் அவள் தோண்டிய கண்களுக்கு நல்ல பெயர் இருந்தது. அவள் கை பட்ட பொம்மை எந்தப் பக்கம் வைத்தாலும் யாரையோ பார்த்துச் சிரிக்கப் போவதுபோல இருக்கும் என்பார்கள்.

மயில் பிளாக்கை அவள் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். கோடுகள் மேடாக இருந்தன.

"இது எங்க பொம்ம மாதிரிதாங்க இருக்குது. பிளாஸ்டர்ல குழியாத் தோண்டி ஈயத்த உருக்கி ஊத்துனா இப்படித்தான் மேடா வரும்" என்றாள்.

பழமலை யோசித்தார். அச்சகத்தில் தேய்ந்துபோன ஈய எழுத்துகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. பட்டறைக்குப் பின்னால் உடைந்த பிளாஸ்டர் அச்சுகள் குவியலாகக் கிடந்தன. மேற்பார்வையாளர் விருத்தகிரியிடம் கேட்டதற்கு, "எடுத்துக்கிட்டுப் போம்மா, எடம் காலியானா சரி" என்று சொல்லிவிட்டார்.

முதல் முயற்சி விபத்தில் முடிந்தது. பிளாஸ்டருக்குள் ஈரம் இருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. உருகிய ஈயம் பட்டதும் படாரென்று வெடித்துத் தெறித்தது. பழமலையின் முன்கையில் கொப்புளம் எழும்பிவிட்டது. ஆதிலட்சுமி அழுதுகொண்டே மருந்து போட்டாள். "வேணாங்க, படமும் வேணாம் ஒண்ணும் வேணாம். மயிலே இருக்கட்டும்" என்று பிளாஸ்டரையெல்லாம் வாசலில் வீசிவிட்டாள்.

கொப்புளம் ஆறியதும் பழமலையே வீசியதைப் பொறுக்கி உள்ளே கொண்டுவந்தார். "நல்லாக் காய வெச்சுப் பாக்கலாம் ஆதி. கை என்னுதுதான, நான்தான சொல்லணும்?"

அந்த முறை அவள் பிளாஸ்டரைப் பட்டறைச் சூளையின் மேல்தளத்தில் வைத்து எலும்புபோல வெளுக்கும்வரை காயவிட்டாள். அதில் தண்ணீர்க் குடத்தோடு நிற்கும் ஒரு பெண்ணைத் தோண்டினாள். ஈயம் இம்முறை சத்தமில்லாமல் போய்க் குழிகளில் உட்கார்ந்தது. ஆறியபின் பிரித்தெடுத்து, மை தடவி, வீணாய்ப்போன ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தினார்கள். பெண் வந்துவிட்டாள். இடுப்பில் குடம் சற்றுச் சரிந்து, தண்ணீர் தளும்பி, முகத்தில் 'ஐயோ' என்ற பாவனையோடு வந்தாள். மறுநாளே பழமலை அந்த அட்டையை எடுத்துக்கொண்டுபோய் சம்சுதீனிடம் காட்டினார்.

இரண்டாவது புத்தகத்துக்கு எல்லாப் படங்களையும் ஆதிலட்சுமியே தோண்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெரினாவின் வீட்டுக்குப் போய்க் கதையைக் கேட்டு வருவாள். ஜெரினா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொல்வார்.

"எளவரசி எப்படி இருப்பாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள் ஆதிலட்சுமி. "சினிமாவுல வர்ற மாதிரியா?"

"அவளுக்கு என்னா கொற? மூணு வேளையும் நல்லாச் சாப்ட்டு வளந்தவ. அப்படித்தான் இருப்பா."

அதனால் ஆதிலட்சுமியின் இளவரசிகள் எல்லோரும் கன்னம் உப்பி, தோள் திரண்டு, நன்றாகச் சாப்பிட்டவர்களாக இருந்தார்கள். ராஜாக்கள்தான் மெலிந்திருந்தார்கள். அரண்மனை எப்படி இருக்கும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. ஜங்ஷன் கட்டடத்தையே இன்னும் இரண்டு மாடி ஏற்றி, உச்சியில் கொடி வைத்துவிட்டாள்.

அச்சேறுகிற நாளில் ஒரு சிக்கல் வந்தது. முகப்புப் பக்கத்துக்கு சம்சுதீன் எழுதிக் கொடுத்த தாளில் 'படங்கள்: பழமலை' என்று இருந்தது. பழமலை தாளை வாங்கிக்கொண்டு போனார். அச்சாகி வந்த பக்கத்தைப் பார்த்த சம்சுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். 'படங்கள்: ஆதிலட்சுமி' என்று பத்திரிகைகளில் மணமக்கள் பெயருக்குப் போடுகிற பெரிய எழுத்தில் இருந்தது.

"யோவ் பழமலை, நான் என்னா எழுதிக் குடுத்தேன், நீ என்னா கோத்து வெச்சிருக்க?"

"பொய்ய நான் கோக்க மாட்டேன் பாய்."

"பொய்யா? ஒம் பொண்டாட்டி பேரு பிளாட்பாரத்துல அடிபட வேணாமேன்னு நல்லதுக்குப் போட்டேன்யா. நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்."

"பேசட்டும் பாய். எளவரசி என்னா என் கையாலயா வந்தா? எனக்கு ஒரு கோடு நேராப் போடத் தெரியாது."

சம்சுதீனுக்குக் கோபம் இறங்கவில்லை. வீட்டுக்குப் போய் ஜெரினாவிடம் முறையிட்டார். "இவன் பொண்டாட்டி பேரப் போட்டுட்டான். நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க, கதை யாரு எழுதுனான்னு. நான் ஒம் பேரப் போட முடியுமா?"

ஜெரினா அவருக்குச் சோறு போட்டு முடித்தார். பிறகு, "நான் வேணாம்னு எப்ப சொன்னேன்? என்னைய யாருமே கேக்கலையே" என்றார்.

சம்சுதீன் மறுநாள் காலையில் அச்சகத்துக்கு வந்ததும் பழமலையைப் பார்த்து, "அந்த மொதப் பக்கத்தப் பிரி. மேல 'கதை: ஜெரினா'ன்னு ஒரு வரி சேரு. ரெண்டும் ஒரே சைஸ்ல இருக்கட்டும். இல்லன்னா எனக்கு வூட்டுல சோறு கெடைக்காது" என்றார்.

புத்தகங்கள் விற்றன. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் சலீம் கட்டைத் திருப்பி அனுப்பவில்லை. ஸ்ரீமுஷ்ணம் தேருக்கும் ஊரில் மாசிமகத்துக்கும் கடை போட்டார்கள். வேப்பூர் பஸ் நிறுத்தத்தில் முறுக்கு விற்கிறவர்கூடக் கூடையில் ஒரு கட்டு வைத்துக்கொண்டார். வருஷத்துக்கு இரண்டு, மூன்று என்று கதைகள் வந்துகொண்டிருந்தன. பட்டறை வேலையை ஆதிலட்சுமி விடவில்லை. அங்கே பொம்மைக்குக் கண், வீட்டில் கதைக்குக் கண் என்று அவள் நாட்கள் போயின. 1970இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கோயில் அம்மனின் பெயரையே வைத்து விருத்தாம்பாள் என்று கூப்பிட்டார்கள்.

அதற்கு அடுத்த வருஷம்தான் பூதம் வந்தது. கிணற்றுக்குள் குடியிருந்து, தண்ணீர் இறைக்க வருகிறவர்களை மிரட்டும் ஒரு பூதத்தின் கதை அது. பூதத்தின் வாயை எப்படித் தோண்டுவது என்று ஆதிலட்சுமி பல நாள் திணறினாள். ஒருநாள் பட்டறையில் சூளையின் வாயில் அடைத்திருந்த செங்கற்களை எடுத்தபோது உள்ளே இன்னும் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. ஓரத்தில் மிச்சமிருந்த செங்கற்கள் பல்வரிசைபோல நின்றன. அன்று மாலையே அதை அப்படியே பூதத்துக்கு வைத்தாள். படத்தைப் பார்த்த ஜெரினா, "அல்லா! எனக்கே கெணத்தப் பாத்தா பயமா இருக்குது" என்றார். அது பாராட்டு என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

புத்தகம் வந்த சில நாட்களில், டூட்டிச் சட்டையில்லாமல் வெறும் பனியனோடு ஒருவர் அச்சகத்துக்குள் நுழைந்தார். ரயில்வேயில் கார்டு வேலை பார்க்கும் காத்தவராயன். கையில் சுருட்டிப் பிடித்த புத்தகம்.

"யாருய்யா இந்தப் படத்தப் போட்டவன்? வெளிய வரச் சொல்லு."

சம்சுதீன் காகிதம் வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். பழமலைதான் முன்னால் வந்தார். "உக்காருங்க. என்னா ஆச்சு, சொல்லுங்க."

"என்னாத்த உக்கார்றது! எம் பொண்ணு கனகா, ஆறு வயசு. குவார்ட்டர்ஸ் கெணத்துக்கிட்டப் போவ மாட்டேங்குறா. கெணத்துத் தண்ணிய வாயில வெக்க மாட்டேங்குறா. குளிக்க மாட்டேங்குறா. எப்பப் பாத்தாலும் பூதம் பூதம்னு அழுவுறா. டூட்டிக்குப் போனா எனக்கு வண்டியில மனசு நிக்கல. புள்ளைங்களுக்குப் போடற படமாய்யா இது?"

ஆதிலட்சுமி அப்போதுதான் வேலை முடிந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தலைமுடியெல்லாம் பிளாஸ்டர் தூள். பழமலை அவளைக் காட்டி, "இவங்கதான் போட்டாங்க" என்றார். பெரிய மீசைக்காரன் ஒருவனை எதிர்பார்த்து வந்த காத்தவராயனுக்குக் கத்த வாய் வரவில்லை. புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "ஏம்மா, கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா?" என்று மட்டும் சொன்னார்.

ஆதிலட்சுமிக்கு முகம் வாடிப்போனது. "நான் வந்து பாப்பாவப் பாக்கலாங்களா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போனாள். கனகா வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வெளியே வரவில்லை. ஆதிலட்சுமி அவளைக் கூப்பிடவும் இல்லை. கிணற்றடியில் போய் உட்கார்ந்து, அடுப்புக்கரி ஒன்றை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் எதையோ வரையத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் பின்னால் குரல் கேட்டது.

"அது என்னா?"

"பூதம்."

"ஏன் மூஞ்சியில துணி கட்டிக்கினு இருக்குது?"

"பல்லு வலி. கன்னம் வீங்கிப்போச்சு பாரு. அதான் ராவும் பகலும் கத்திக்கிட்டுக் கெடக்குது. நாம பயமுறுத்துதுன்னு நெனச்சுக்கிட்டோம்."

கனகா இரண்டடி கிட்டே வந்தாள். "துணி யாரு கட்டி வுட்டா?"

"அவங்க அம்மா."

"பூதத்துக்கு அம்மா இருக்குதா?"

"அம்மா இல்லாம எப்படி? அம்மாதான் சொல்லுது, நெறைய வெல்லம் திங்காதடான்னா கேட்டியா, இப்ப அனுபவின்னு."

கனகா சிரித்துவிட்டாள். பிறகு கரியை வாங்கி, பூதத்தின் பக்கத்தில் ஒரு கிண்ணம் வரைந்தாள். என்ன அது என்று கேட்டதற்கு, "சுடுதண்ணி, உப்பு போட்டது. கொப்புளிச்சா செரியாப் போயிடும்" என்றாள். அன்று மதியம் அவள் கிணற்றுத் தண்ணீரில் குளித்தாள். கொஞ்சம் தண்ணீரைப் பூதத்துக்கென்று கிணற்றுக்குள்ளேயே திருப்பி ஊற்றினாள் என்று காத்தவராயன் பிறகு வந்து சொன்னார்.

ஆதிலட்சுமி குவார்ட்டர்ஸிலிருந்து நேராக ஜெரினாவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். ஜெரினா கீரையைத் தள்ளி வைத்தார். "பல்லு வலியா! இது எனக்குத் தோணாமப் போச்சே" என்று உட்கார்ந்த இடத்திலேயே கதையைத் தொடங்கிவிட்டார். பூதத்தின் பல்லைப் பிடுங்க ராஜாவின் படை வருகிறது, முடியவில்லை. ஊர் முழுக்கக் கயிறு கட்டி இழுக்கிறது, வரவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பெண் வெந்நீரும் உப்பும் கொண்டுவந்து கொடுக்கிறாள். அந்தப் பெண்ணுக்குக் கனகா என்றே பெயர் வைத்தார்கள்.

அந்தப் புத்தகம்போல அவர்களுடைய வேறு எதுவும் ஓடியதில்லை. சம்சுதீன் திரும்பத் திரும்ப அச்சிட்டார். பிளாக் தேய்ந்துபோய் ஆதிலட்சுமி மறுபடி தோண்டவேண்டி வந்தது. பஸ் ஸ்டாண்டில் பல்பொடி விற்கும் கொளஞ்சியப்பன் மொத்தமாக வாங்கிப்போய், பெரிய பொட்டலம் வாங்குகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். பிறகு பூதத்தின் படத்தையே தன் பொட்டலத்தில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டு சம்சுதீன் வீட்டுக்கே வந்தார். "எங்க பூதம் பல்பொடி விக்காதுன்னு சொல்லிடுங்க" என்று ஜெரினா உள்ளேயிருந்தே பதில் அனுப்பினார்.

வண்டி மாற இறங்கிய மெட்ராஸ் பதிப்பாளர் ஒருவருக்கும் அந்தப் புத்தகம் கிடைத்தது. அவர் தன் வண்டியை விட்டுவிட்டு அச்சகத்தைத் தேடிக்கொண்டு வந்தார். ஆதிலட்சுமி மெட்ராஸுக்கு வந்தால் வண்ணப் படங்கள் போடலாம், நல்ல சம்பளம், பழமலைக்கும் வேலை பார்த்துத் தருவதாகச் சொன்னார். சம்சுதீன் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும், "போயிப் பாத்துட்டு வாம்மா. நல்லது வர்றப்ப நான் குறுக்க நிக்கக் கூடாது" என்றார்.

கணவனும் மனைவியும் குழந்தையோடு போனார்கள். பெரிய அலுவலகம், ஜன்னலோரம் வரிசையாக மேசைகள். ஓவியர்கள் தூரிகையில் வண்ணம் தொட்டு வரைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அன்பாக இடம் கொடுத்து, தூரிகையை எப்படிப் பிடிப்பது என்றும் காட்டினார். ஆதிலட்சுமி ஒரு யானையைப் போட முயன்றாள். தூரிகை அவள் விரலுக்கு வழுக்கிக்கொண்டே போனது. பிளாஸ்டர்போல எதிர்த்து நிற்காத ஒன்றின்மேல் கோடு போட அவளுக்கு வரவில்லை. யானை ஈரத்துணிபோலத் தொங்கியது. அந்த ஓவியர், "பழகப் பழக வந்துடும்மா, நானும் இப்படித்தான் தொடங்கினேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான் என்று ஆதிலட்சுமிக்கும் தெரிந்தது.

எழும்பூரில் திரும்பும் வண்டிக்காக உட்கார்ந்திருந்தபோது பழமலை, "இருந்து பழகிக்கறதுன்னாலும் எனக்குச் சம்மதந்தான் ஆதி" என்றார்.

"எனக்குத் தோண்டறதுதாங்க புடிச்சிருக்குது. கீழ ஒண்ணு ஒளிஞ்சிருக்கற மாதிரியும், நான் தூசியத் தட்டி வெளிய எடுக்கற மாதிரியும் இருக்கும். பெரஷ்ஷுல அது இல்ல" என்றாள். வழியில் குழந்தைக்கு வாங்கிய இலந்தை வடையை மூவருமாகத் தின்றுகொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

மெட்ராஸுக்குப் போயும் கடலைப் பார்க்காமல் திரும்பியவள் என்று ஜெரினா அவளைப் பல நாள் கேலி செய்தார். கேலி முற்றி 1976இல் கப்பல் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். ஆதிலட்சுமி கையை விரித்துவிட்டாள். "நான் கடலப் பாத்ததே இல்லக்கா. எப்படித் தோண்டறது?"

"அப்படின்னா கெளம்பு" என்றார் ஜெரினா.

இரண்டு பெண்களும் விருத்தாம்பாளை அழைத்துக்கொண்டு பரங்கிப்பேட்டைக்குப் போனார்கள். ஜெரினாவின் அண்ணன் வீட்டில் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுக் கரைக்குப் போனபோது வெயில் தணிந்திருந்தது. ஆதிலட்சுமி முழங்கால்வரை சேலையைத் தூக்கிக்கொண்டு அலையில் நின்றாள். குழந்தை நனைந்து, ஓடி, விழுந்து, மணலில் வீடு கட்டி, கடைசியில் தூங்கியும்போனது. ஜெரினா பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னா ஆதி, புடிச்சியா?" என்று கேட்டார்.

"எங்க புடிக்கறது? நிக்கவே மாட்டேங்குதே" என்றாள் ஆதிலட்சுமி. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஜெரினா அதற்குமுன் பார்த்ததில்லை.

ஊருக்கு வந்து தோண்டினாள். கப்பலை நுணுக்கமாகத் தோண்டினாள். பாய், கயிறு, பாய்மரத்தின்மேல் ஒரு பறவை, கைப்பிடியில் சாய்ந்து நிற்கும் குண்டு இளவரசி. கப்பலுக்குக் கீழே உளியே படவில்லை. அச்சான பக்கத்தில் பாதிக்குமேல் வெள்ளையாகக் கிடந்தது. சம்சுதீன் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடலு எங்கம்மா?"

"அதான் பாய், வெள்ளையா இருக்குதே."

அவர் பழமலையைப் பார்த்தார். பழமலை மை உருளையைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். சம்சுதீன் பெருமூச்சு விட்டு, "அடிச்சுத் தொலைங்க" என்றார்.

புத்தகங்கள் ஜங்ஷனுக்குப் போயின. பத்துப் பதினைந்து நாள் கழித்து சலீம் ஒரு கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்கு வந்து மேசைமேல் போட்டார்.

"இதெல்லாம் திருப்பி எடுத்துக்குங்க பாய். வண்டிக்கு நிக்கற பசங்க கடையோரமா நின்னுக்கிட்டே பென்சில எடுத்து வரைஞ்சிட்டுப் போயிடுதுங்க. வாங்கறதும் இல்ல. நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள எல்லாப் புஸ்தகத்துலயும் மீனு. இத நான் யாருக்கு விக்கறது?"

சம்சுதீன் வாயைத் திறக்குமுன் ஆதிலட்சுமி கட்டைப் பிரித்துவிட்டாள். ஒவ்வொரு புத்தகத்தின் வெள்ளைக் கடலிலும் ஏதோ ஒன்று இருந்தது. கொடுவா மீன், கால் முளைத்த மீன், பொட்டு வைத்த மீன், வாயில் பீடியோடு ஒரு நண்டு. ஒருவன் கப்பலுக்கு அடியில் தண்டவாளம் போட்டு, புகை விட்டுக்கொண்டு போகும் ரயிலை வரைந்திருந்தான். அதன் ஜன்னல்களில் மீன்கள் உட்கார்ந்திருந்தன.

"பாய், இத எல்லாத்தயும் நான் எடுத்துக்கட்டுங்களா?" என்றாள்.

சாயங்காலம் வீட்டில் விளக்கடியில் கட்டைப் பரப்பி வைத்து, ஆதிலட்சுமியும் விருத்தாம்பாளும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழமலை அடுப்பில் சோறு வடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, தன் பங்குக்கு ஒன்றை எடுத்து, அந்த மீன் ரயிலைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இந்த வண்டி எங்க போவுது?" என்றார்.

"கடலூருக்குப்பா" என்றாள் விருத்தாம்பாள்.